தாய்மாமன் நாத்திகர், கல்யாணம் தேவாலயத்தில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மணப்பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய திருமணம் அங்குள்ள ஒரு தமிழ்ச் சபையில் நடக்கவிருக்கிறது. தாய்மாமன் தொழிற்சங்கத்தில் முப்பது ஆண்டு உழைத்தவர். கடவுள் இல்லை என்பவர். வீட்டுச் சுவரில் மார்க்ஸ் படமும் பெரியார் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருப்பவர். "கம்யூனிஸ்டு என்றாலே தேவனுக்கு விரோதி. அவர் கையால் சீர் வாங்கிக்கொண்டு ஆலயத்துக்குள் வரலாமா?" என்று சபையில் மூத்தவர் ஒருவர் கேட்டுவிட்டாராம். மாமாவோ, "உழைக்கிறவனை மயக்கி வைக்கிற இடத்துக்கு நான் ஏன் வரவேண்டும்?" என்கிறாராம். கிறிஸ்தவம், கம்யூனிசம், நாத்திகம், இந்த மூன்றுக்கும் உண்மையில் என்ன உறவு, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டே ஆகவேண்டுமா என்பதுதான் கேள்வி.

நான் செந்தூலில் வாழும் கத்தோலிக்கன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என் பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்கள். இந்தச் சண்டையின் இரண்டு பக்கத்திலும் எனக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாத்திகம் என்பது கடவுள் உண்டா என்ற ஒரே கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதில். நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு, யார் ஆள்வது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. முதலாளித்துவத்தை உயிராக நேசித்த நாத்திகர்கள் உண்டு. கம்யூனிசம் உடைமையையும் உழைப்பையும் பற்றிய கொள்கை. இந்த இரண்டும் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தவை என்று நாம் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

'நாத்திகர்' என்ற பழிச்சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசில் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களிடம் சிலை இல்லை, பலி இல்லை, பேரரசனின் தெய்வத்தன்மைக்குத் தூபம் காட்டவும் மாட்டார்கள். ஊரார் கண்ணுக்கு அவர்கள் தெய்வமில்லாத கூட்டம். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து ஆயர் போலிகார்ப்பை அரங்கத்தில் நிறுத்தி, "நாத்திகர்கள் ஒழிக என்று சொல், விட்டுவிடுகிறேன்" என்றான் ஆளுநன். கிறிஸ்தவர்கள் ஒழிக என்று சொல்லச் சொன்னான் என்று பொருள். கிழவர் அரங்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தை நோக்கிக் கையை வீசி, பெருமூச்சு விட்டு, வானத்தைப் பார்த்து, "நாத்திகர்கள் ஒழிக" என்றார். பிறகு அவரை எரித்தார்கள். அதே நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற அறிஞர், நீங்கள் சொல்லும் அந்தத் தெய்வங்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகர்கள்தாம் என்று ஒப்புக்கொண்டே எழுதினார். ஆள்பவர்கள் கும்பிடச் சொன்னதைக் கும்பிடாதவர் என்பதற்காக ஒருவரை வெறுக்கும் உரிமை நமக்கு வரலாற்றிலேயே இல்லை. சபை மூத்தவரிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இரண்டாவதாக, அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தையும் நான்காம் அதிகாரத்தையும் அவரோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எருசலேமின் முதல் சபையார் தங்களுக்கு உள்ளதையெல்லாம் பொதுவில் வைத்தார்கள். நிலத்தையும் வீட்டையும் விற்றவர்கள் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலரின் காலடியில் வைத்தார்கள். அவரவர் தேவைக்குத் தக்கபடி அது பகிரப்பட்டது. மார்க்ஸ் 1875இல் எழுதிய புகழ்பெற்ற வரியை மாமா மனப்பாடமாகச் சொல்வார்: ஒவ்வொருவரிடமிருந்தும் அவரவர் ஆற்றலுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ப. அதன் பின்பாதி நான்காம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. அந்த முழக்கத்தை முதலில் செய்தவரும் மார்க்ஸ் இல்லை. அவருக்கு முன்பே பிரெஞ்சு சோஷலிஸ்டுகளிடம் அது புழங்கியது. அவர்களில் எத்தியேன் கபே என்பவர் 1840களில் தன்னைக் கம்யூனிஸ்டு என்றே அழைத்துக்கொண்டார். உண்மையான கிறிஸ்தவம் கம்யூனிசம்தான் என்று ஒரு நூலே எழுதினார். ஜெர்மன் தையற்காரர் வில்ஹெல்ம் வைட்லிங் நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர்களிடம் பொதுவுடைமை பேசினார். வைட்லிங் சேர்ந்திருந்த 'நேர்மையாளர் கழகம்' என்ற இரகசிய அமைப்பின் முழக்கம் 'மனிதர் அனைவரும் சகோதரர்'. 1847இல் லண்டனில் அது கம்யூனிஸ்டுக் கழகமாக மாறியபோதுதான், மார்க்ஸ், எங்கெல்ஸ் செல்வாக்கில், 'அனைத்து நாட்டுத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்' என்ற முழக்கம் அந்த இடத்துக்கு வந்தது. ஆக, ஐரோப்பிய கம்யூனிசத்தின் தொடக்கத்தில் பைபிள் கணிசமாக இருந்தது. பிறகுதான் அது வெளியே போனது.

ஏன் போனது? மார்க்ஸ் 1818இல் ட்ரியர் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிரஷ்ய ஆட்சியில் யூதர் வழக்கறிஞராக நீடிக்க முடியாது என்பதால் தந்தை லூத்தரன் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார். 1824இல் ஆறு வயது மகனுக்கும் அது நடந்தது. 1835இல் பள்ளி இறுதித் தேர்வில், யோவான் 15ஆம் அதிகாரத்தை வைத்து, விசுவாசிகள் கிறிஸ்துவோடு ஒன்றாவதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் அவர். திராட்சைச் செடியும் கொடிகளும் வரும் அதே அதிகாரம். ஆனால் அவர் கண்ணால் கண்ட திருச்சபை அரியணைக்கு முட்டுக்கொடுத்து நின்றது. வேலை காப்பாற்ற ஞானஸ்நானம் கேட்டது அந்த ஏற்பாடு. அதற்குள் வளர்ந்த ஒரு கூர்மையான மனம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இனி மாமா சொன்ன 'மயக்கம்'. அந்தச் சொல் 1844இல் பாரிஸில் வெளியான மார்க்ஸின் கட்டுரையிலிருந்து வருகிறது. நம் ஊரில் எல்லோரும் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்வார்கள். அதற்கு முன் இருப்பது: மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமில்லாத உலகின் இதயம், ஆன்மா அற்ற நிலைமைகளின் ஆன்மா. அதன் பிறகுதான், அது மக்களின் அபின். பினாங்குக்காரருக்கும் தோட்டத்தில் வாழ்ந்தவருக்கும் இந்த வாக்கியம் மற்றவர்களைவிட நன்றாகப் புரியவேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பெரும்பங்கு அபின் குத்தகையிலிருந்து வந்தது. துறைமுகத்திலும் ஈயச் சுரங்கத்திலும் முதுகு ஒடிய உழைத்த சீனக் கூலி வலி தாங்க அதைப் புகைத்தார். கூலி கொடுத்தவரும் ஆட்சியும் அதையே விற்றுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நம் ஆட்களுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. அபின் புகைத்தவருக்கு வலி உண்மையிலேயே இருந்தது. மார்க்ஸ் அந்த வலியை மதித்தே அப்படி எழுதினார் என்று நான் வாசிக்கிறேன். மதம் பொய் என்று அவர் நினைத்தார், சரி. ஆனால் அழுகிறவனைப் பரிகசிக்கவில்லை. மாமா அந்தப் பத்தியை முழுதாக எடுத்துப் படிக்க வேண்டும். நம் சபைகளும் அதை முழுதாகவே படிக்கவேண்டும். தோட்டத்தில் நாங்கள் பாடிய பாட்டு அந்தப் பெருமூச்சு. ஆனால் அந்தப் பெருமூச்சு மேலே போய்ச் சேர ஓர் இடம் உண்டு என்பது என் நம்பிக்கை. மார்க்ஸும் நானும் பிரிவது அந்த இடத்தில்தான். கள்ளுக்கடையை மூடச் சொல்வதில் எங்களுக்குள் பிரிவில்லை.

அதைக் கேட்டவர்கள் இங்கேயே இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். என் தாத்தா அந்த வட்டாரத்தில்தான் இருந்தார். இறங்கி நின்ற நாட்களைச் சொல்லும்போது எண்பது வயதிலும் அவர் குரல் மாறும். நாதனை நாடு கடத்தினார்கள், பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்று ஞாயிறுதோறும் சொல்கிறவர்கள் முதல் ஆளாகக் கேட்டிருக்கவேண்டிய கோரிக்கை அந்தச் சைக்கிள் கோரிக்கை.

இப்போது மாமாவிடம் சொல்லவேண்டியது. இதை மென்மையாகச் சொல்ல முடியாது. அதிகாரத்துக்கு வந்த கம்யூனிசம் விசுவாசிகளின் இரத்தத்தைச் சிந்தியது. லெனின் 1905இல் எழுதும்போது, வானத்துச் சொர்க்கத்தைப் பற்றி ஒத்த கருத்து வேண்டும் என்பதைவிட, பூமியில் சொர்க்கம் படைக்கும் போராட்டத்தில் ஒற்றுமை முக்கியம் என்றுதான் எழுதினார். விசுவாசிகளும் கட்சியில் சேரலாம் என்றார். அவரே 1922இல், பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், திருச்சபைச் சொத்துகளைப் பறிக்க இதுதான் தருணம், எதிர்க்கும் குருமாரை எவ்வளவு அதிகம் சுடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று தலைமைக்கு இரகசியக் கடிதம் எழுதினார். 1931இல் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மாஸ்கோவுக்கு வெளியே புத்தோவோ என்ற திடலில் 1937, 1938 ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுப் புதைத்தார்கள். அவர்களில் ஆயர்களும் குருமாரும் நூற்றுக்கணக்கில் உண்டு. 1967இல் அல்பேனியா எல்லா ஆலயங்களையும் மசூதிகளையும் மூடித் தன்னை நாத்திக நாடு என்று அறிவித்தது.

இதில் இரண்டு செய்திகள் என் மனத்தை விட்டுப் போவதில்லை. ஒன்று, எங்கெல்ஸ் 1874லேயே, ஆணை போட்டுக் கடவுளை ஒழிக்கத் துடித்த சில புரட்சிக்காரர்களைக் கண்டித்து, வேண்டாத நம்பிக்கைகளை வளர்க்கச் சிறந்த வழி அவற்றைத் துன்புறுத்துவதே என்று எச்சரித்திருந்தார். அவரே 1894இல், ஆதி கிறிஸ்தவர்களுக்கும் தன் காலத்துத் தொழிலாளர் இயக்கத்துக்கும் உள்ள ஒற்றுமையை விரிவாக எழுதினார். இரண்டுமே அடிமைகள், ஏழைகள், நசுக்கப்பட்டவர்களின் இயக்கம் என்றார். இன்னொன்று, 1937 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. அதில் மதம் பற்றி ஒரு கேள்வி இருந்தது. இருபது ஆண்டு ஒடுக்குமுறைக்குப் பிறகும், கைதுகளுக்கு நடுவில், அரசாங்க ஆள் வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது, பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேலானோர் 'விசுவாசி' என்று பதில் சொன்னார்கள். அந்தக் கணக்கை அரசு மறைத்தது, எடுத்த அதிகாரிகளைச் சிறையில் போட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி அந்த வாசலில் நின்று 'ஆமாம்' என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

இந்தக் கொடுமைக்குக் காரணம் நாத்திகம்தானா? இல்லை என்பது என் முடிவு. கடவுளை நம்பாமல் யாரையும் துன்புறுத்தாமல் நேர்மையாக வாழ்ந்து மறைந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! மனிதனின் கூலி, வீடு, பேச்சு, பிள்ளையின் மனசு, சாவுச் சடங்கு எல்லாமே எனக்குச் சொந்தம் என்று ஒரு கட்சி சொல்லும்போது, அதற்கு மேல் ஒருவருக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறவன் இடைஞ்சலாகிறான். ரோமப் பேரரசனுக்குப் போலிகார்ப் இடைஞ்சலாக இருந்ததும் இதனால்தான்.

திருச்சபையின் பக்கமும் சுத்தமில்லை. போப் பதின்மூன்றாம் லியோ 1891இல் நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கத்தையும் ஆதரித்துச் சுற்றுமடல் எழுதினார், தனியுடைமையைக் காத்தபடியே. நல்ல மடல், ஆனால் மார்க்ஸின் அறிக்கை வந்து நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து வந்தது. 1937இல் பதினோராம் பயஸ் நாத்திகக் கம்யூனிசத்தைக் கண்டித்தார். 1949இல் அந்தக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கருக்குத் திருச்சபை விலக்கு என்று ரோமிலிருந்து ஆணை வந்தது. பிறகு வந்த இரண்டு சாவுகளைச் சேர்த்தே நினைக்கவேண்டும். 1980 மார்ச் 24, எல் சால்வடாரில் ஏழைகளுக்காகப் பேசிய பேராயர் ஒஸ்கார் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை வெறுத்த வலதுசாரிகள் அவரைக் கம்யூனிஸ்டு என்றார்கள். 1984 அக்டோபரில் போலந்தில் தொழிலாளர் சங்கத்துக்காகப் பேசிய குரு யேர்ஸி பொப்பியெலுஸ்கோவைக் கம்யூனிஸ்டு ஆட்சியின் பாதுகாப்புப் போலீசார் கடத்திக் கொன்றார்கள். இருவரும் ஒரே நற்செய்தியைத்தான் பிரசங்கித்தார்கள், உழைப்பவர் பக்கம்தான் நின்றார்கள்.

நம் தமிழ் நாத்திகத்துக்கு வருகிறேன். அது மார்க்ஸிடமிருந்து பிறந்ததில்லை, சாதியின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கியபோது அவரைக் கேட்கக் கூடியவர்களுக்குக் கடவுள் உண்டா என்பதைவிட, கோயிலுக்குள்ளும் கிணற்றடியிலும் தங்களை யார் தள்ளி வைத்தார்கள் என்பதே கேள்வி. 1932இல் அவர் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்தார், பொதுவுடைமைவாதிகளான சிங்காரவேலரோடும் ஜீவாவோடும் சேர்ந்து சமதர்மம் பேசினார். பகத்சிங் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையை ஜீவாதான் தமிழாக்கினார். ஆனால் சில ஆண்டுகளிலேயே பெரியார் சமதர்மத் திட்டத்தைத் தளர்த்த, ஜீவா பிரிந்து போனார். இரண்டு பேரும் நாத்திகர்கள். கம்யூனிசத்தில்தான் பிரிந்தார்கள். அந்த ஜீவாவே பிறகு மேடை மேடையாகக் கம்பனை உருகிப் பேசினார். மாமாவின் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் இரண்டு படங்களுக்கும் நடுவிலேயே இடைவெளி உண்டு. இதையும் சொல்லவேண்டும்: தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் சாதிக்கொரு பக்கமாக உட்காரவைத்ததும், கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியதும் நடந்தவை. சாதியால் மனம் உடைந்து ஒருவர் கடவுளையே விட்டுவிட்டால், வழியை அடைத்தவர்கள் நாம்.

மலாயாவில் 'கம்யூனிஸ்டு' என்ற சொல் பயங்கரமானது 1948க்குப் பிறகு. கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய சங்கத் தோழர் வீரசேனனை அதற்கு முந்தின நாள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளும் கொன்றார்கள். தோட்டத்து மக்கள் இரண்டு பக்கத்துக்கும் பயந்தார்கள். காலையில் வெட்டுக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் எடுத்துப் போகக்கூடாது, காட்டுக்குப் போய்விடுமாம். வாசலில் தடவிப் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்வார். வெறும் வயிற்றோடு மதியம் வரை மரம் வெட்டினார்கள். பினாங்கு மாநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயம்கூட அந்தக் காலத்தில் கம்யூனிஸ்டுகளின் நடமாட்டம் உள்ளதென்று ஆட்சி குறித்த 'கருப்புப் பகுதி'க்குள் சிக்கிப் பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட மிஷனரிகள் இங்கே வந்து ஆட்சி மக்களை இடம்பெயர்த்துக் குடிவைத்து முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் ஊழியம் செய்தார்கள். பலர் மனமார உழைத்தார்கள். ஆனால் வேலி போட்ட ஆட்சியின் அழைப்போடு வந்ததால், கிறிஸ்தவம் என்றால் கம்யூனிசத்துக்கு மருந்து என்ற எண்ணம் சபைகளில் ஊறிப்போனது. உங்கள் சபை மூத்தவர் பேசுவது அந்தக் காலத்தின் பயம் என்று நான் நினைக்கிறேன். அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் குடும்பமும் எதையாவது இழந்திருக்கலாம்.

காட்டில் இருந்தவர்கள் அனைவரும் நாத்திகரும் இல்லை. கம்யூனிஸ்டுப் படையின் பத்தாவது படைப்பிரிவு பெரும்பாலும் மலாய் முஸ்லிம்களால் ஆனது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் சின் பெங் பிறந்த சித்தியவான், மெதடிஸ்டுகள் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து 1903இல் உருவாக்கிய குடியேற்றம். அவர் சிறிது காலம் மெதடிஸ்டுகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியிலும் படித்தார். பிறகு 1970இல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு வந்தது. இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் அதன் முதல் கோட்பாடு. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு நாட்டை ஒட்டவைக்க எழுதப்பட்டது, அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். முப்பது ஆண்டு பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகளோடு சொன்னவன் நான். ஆனால் அதற்குப் பிறகு, கடவுளை நம்பாதவர் தேசப்பற்றும் இல்லாதவர் என்ற நிழல் உங்கள் மாமா போன்றவர்கள்மேல் விழுந்துவிட்டது. அது அநியாயம்.

சரி மகளே, ஒரு கிறிஸ்தவர் கம்யூனிஸ்டாக இருக்கலாமா என்று நேராகக் கேட்டால்: உழைப்பவரின் கூலியைப் பிடித்து வைப்பது பாவம் என்பதை நீங்கள் மார்க்ஸிடம் கற்கவேண்டியதில்லை, யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. உபரி எங்கே போகிறது, நிலம் ஏன் ஒரு சிலரிடம் குவிகிறது என்பதை மார்க்ஸிடம் கற்கலாம், நானும் கற்றேன். வரலாற்றுக்கும் கட்சிக்கும் மேலே எவருமில்லை என்பதை ஒரு கிறிஸ்தவர் ஏற்க முடியாது. எருசலேம் சபை பொதுவில் வைத்தது மனமுவந்து. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவிடம் பேதுரு, விற்குமுன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது என்று கேட்கிறார். பொய் சொன்னதுதான் அவன் குற்றம். துப்பாக்கி முனையில் பகிரச் சொல்வது வேறு சங்கதி.

கல்யாணத்துக்கு வருவோம். நம்பாத ஒருவர் திருமண ஆராதனையில் உட்கார்ந்திருப்பதால் திருமணத்துக்கு ஒரு குறையும் வராது. அவர் ஜெபம் சொல்லவேண்டாம், நற்கருணை எடுக்கவேண்டாம். சீரை வீட்டிலோ மண்டபத்திலோ வாங்கிக்கொள்ளலாம். மற்றவர் சொன்னதை வைத்துக் கலங்காமல் போதகரையே நேரில் பார்த்துப் பேசுங்கள்.

என் கல்யாணத்தில் என் மாமா முறை ஒருவர் இருந்தார். அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்தவர், சங்கத்துக்காரர், சாமி இல்லை என்பவர். சைக்கிளில் சீர்த்தட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு அதிகாலையிலேயே வந்துவிட்டார். பூசை முடியும் வரை ஆலயத்துக்கு வெளியே வெயிலில், தட்டைக் கீழே வைக்காமல் நின்றார். உள்ளே கூப்பிட்டால் என்ன நினைப்பாரோ என்று நான் கூப்பிடவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்றும் பயந்தேன். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். உங்கள் மாமா வரமாட்டேன் என்று சொன்னாலும் அன்று காலையில் வாசலைப் பாருங்கள். நின்றிருந்தால் பட்டுப்புடவையோடு நீங்களே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.